கஷாயச் சட்டியை யாரும் திருப்பித் தருவதில்லை

ஷிகௌ கிராமம்
1998 அக்டோபர் 11

அன்புத் தங்கை சூமெய்க்கு,

நிலாப் பண்டிகைக்கு நீ வரவில்லை. நான் பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உனக்கென்று எடுத்து வைத்த நிலா ரொட்டியை உன் அண்ணி ருய்லான் கடைசியில் கோழிக்குப் போட்டுவிட்டாள். "வர்றவங்களுக்குத்தான் பங்கு, வாத்தியாரே" என்றாள். கல்யாணமானதிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். நான் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

அவளுக்குக் கோபம் கஷாயச் சட்டியைப் பற்றி. நீ எதுவும் நடக்காதது போல் இருப்பதுதான் அவளை இன்னும் எரிக்கிறது. நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

வால்நட் தட்டும்போது அவள் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டது. செய்தி கேட்டு நீ உன் மருமகள் வென்ஜிங்கை அனுப்பினாய். அந்தப் பெண் மலையேறிய களைப்பில் மூச்சு வாங்க, இரண்டு கையாலும் நம் பழைய சட்டியை ஏந்திக்கொண்டு படியேறி வந்தாள். கரியெல்லாம் போகத் தேய்த்துக் கழுவி, கடையிலிருந்து வந்தது போல் இருந்தது. உள்ளே அடிபட்ட வலிக்கென்று நீ கொடுத்தனுப்பிய சான்சிக் கிழங்கு. "அத்தை குடுத்து விட்டாங்க, மாமி" என்று சிரித்தாள்.

ருய்லான் முகத்தில் இரத்தமே இல்லை. அந்தப் பெண் போகும்வரை வாய் திறக்கவில்லை. போன பிறகு என்னிடம், "சட்டியத் திருப்பி அனுப்பிட்டா உங்க தங்கச்சி. அவ புருஷன் நோயை எனக்கு அனுப்பிட்டா" என்றாள்.

அப்பா காலத்திலிருந்து அந்தச் சட்டி எத்தனை வீடு சுற்றியிருக்கிறது. யாராவது திருப்பிக் கொடுத்ததுண்டா? நோய் வந்த வீட்டார்தான் தேடி வந்து எடுத்துப் போவார்கள். திருப்பிக் கொடுத்தால் நோயையும் சேர்த்துக் கொடுத்ததாக அர்த்தம். வசந்தத்தில் மாப்பிள்ளை சாங்கெனின் இருமலுக்கு நீ எடுத்துப் போனாய். அடுத்து யாராவது கேட்டு வரும்வரை அது உன் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும்.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பள்ளியில் ஒரு வருடம், நான் புது மணி வாங்கி மாட்டினேன். அதை அடித்த நாளெல்லாம் மழை. மணிதான் மழையைக் கூப்பிடுகிறது என்று பிள்ளைகள் சாதித்தார்கள். அது மழைக்காலம் என்று யாருக்கும் தோன்றவில்லை. இதுவும் அப்படித்தான்.

ஆனால் அவளுக்குச் சில நாட்களாக வயிறு உப்புசமாக இருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. இடுப்பு வலி மட்டும் போய்விட்டது. உன் கிழங்கை மக்காச்சோளச் சாராயத்தில் ஊறப்போட்டுக் காலையும் மாலையும் குடிக்கிறாள். உன்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்த ஜாடியை மட்டும் விடவில்லை. "கிழங்கு என்ன பண்ணும், பாவம். அது நல்லது" என்கிறாள். சட்டியைப் பன்றிக் கொட்டிலுக்குப் பின்னால் கூடை போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

ஒரு வரி எழுது.

உன் அண்ணன்
செங்தெ


நிலாக் கணக்கில் ஒன்பதாம் மாதம், பிறை கண்ட மறுநாள்

அண்ணாவுக்கு,

ஒரு வரி கேட்டாய். ஒரு வரியில் அடங்காது.

வென்ஜிங் சமவெளிக்காரி. என் மகன் செருப்புத் தொழிற்சாலையில் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தவள். அவள் ஊரில் அவரவர் வீட்டுக்கு அவரவர் சட்டி. நோய் தீர்ந்தால் பரணில் போடுவார்கள். நம் வழக்கத்தை அவளுக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. உப்பு கரிக்கும் என்று எந்த மாமியாராவது மருமகளுக்குச் சொல்லித் தருவாளா?

கிழங்கைக் கொண்டுபோய்க் கொடு என்றேன், அவ்வளவுதான். எதில் கொண்டுபோவது என்று தேடியிருக்கிறாள். மூலையில் உங்கள் சட்டி. அடுத்தவர் பாத்திரத்தை இத்தனை நாள் வைத்திருக்கலாமா, கழுவிக் கொடுப்போம், வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது, கிழங்கை உள்ளே வைத்தால் ஆயிற்று என்று நினைத்திருக்கிறாள். நல்ல வளர்ப்பு. அந்த நல்ல வளர்ப்புதான் எனக்குக் குழி தோண்டியது.

வயலிலிருந்து வந்து, "சட்டி எங்கடி?" என்றேன். "குடுத்துட்டேன் அத்தை, மாமி ஒண்ணுமே பேசல" என்றாள்.

அந்தக் கிழங்கு என் மாமனார் கொல்லையில் நட்ட வரிசையிலிருந்து நானே கிளறி எடுத்தது. பெரியதாகப் பார்த்துப் பொறுக்கினேன். எங்கள் வீட்டில் யார் விழுந்தாலும் அதை அரைத்துப் பற்றுப் போட்டுத்தான் எழுந்திருக்கிறோம். அண்ணிமேல் வேறு எண்ணம் இருந்தால் அதை அனுப்புவேனா?

உன் மணியும் மழையும் எனக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து தெரியும். அதை அண்ணியிடம் சொல்.

அவள் என்ன கேட்கிறாள் என்று சந்தையில் காதில் விழுந்தது. நான் வந்து சட்டியை எடுத்துப் போக வேண்டுமாம். அண்ணா, என் வீட்டில் யாருக்கும் நோயில்லை. வென்ஜிங் வயிற்றில் பிள்ளை. வசந்தப் பண்டிகைக்கு முன்னால் பிறக்கும். நோயில்லாத வீட்டுக்குச் சட்டியைக் கொண்டுவந்தால் அது யாரைத் தேடும்? வேறு எது வேண்டுமானாலும் கேள்.

சூமெய்


ஷிகௌ
நவம்பர் 8

சூமெய்,

உன் கடிதத்தை ருய்லானுக்குப் படித்துக் காட்டினேன். சில இடங்களைத் தாண்டிப் போனேன். கண்டுபிடித்துவிட்டாள். "நீங்க முழுங்கினதையும் படிங்க, வாத்தியாரே" என்றாள்.

அவள் வயிறு பெரிதாகிக்கொண்டே போகிறது. இரண்டு பிள்ளைகளைச் சுமந்தபோதுகூட இப்படி இல்லை. கண் மஞ்சளாகிவிட்டது. வைத்தியர் கோ நாடி பார்த்து, உடம்பில் ஈரம் தங்கிவிட்டது என்று பொட்டலங்கள் கட்டிக் கொடுத்தார். அந்தச் சட்டியில் காய்ச்ச அவள் விடவில்லை. புதுச் சட்டி வாங்கி வருகிறேன் என்றால், "புதுச் சட்டி வாங்கறது புது நோய்க்குப் பாய் விரிக்கிறது" என்கிறாள். கடைசியில் காய் வதக்கும் இரும்புச் சட்டியில் காய்ச்சினேன். கோ தலையில் அடித்துக்கொண்டார். "படிச்சவன் பண்ற காரியமா இது? இரும்பு பட்டா மருந்து செத்துப்போகும்யா" என்றார்.

காய்ச்சிய சக்கையை முச்சந்தியில் கொட்டினேன். நடப்பவர்கள் மிதித்தால் நோய் கலைந்து போகும் என்பார்களே, அதற்காக. நம்பாதவன்தான், ஆனாலும் கொட்டினேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அதன்மேல் ஒரு கால்தடம்கூட இல்லை. முள்ளங்கி வயலோரமாகச் சுற்றிக்கொண்டு புதிதாக ஒரு பாதை விழுந்திருக்கிறது. சட்டி திரும்பி வந்த வீடு என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வர மறுக்கிறாள். "எங்க இருந்து வந்துச்சோ அங்க போனாத்தான் போகும். சட்டியப் பத்தி டாக்டருக்கு என்ன தெரியும்" என்கிறாள்.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கழிப்பறையில் பேய் இருக்கிறது என்று உள்ளே போக மாட்டாள். பேய் கிடையாது என்று மாதக் கணக்கில் சொன்னேன். பயனில்லை. ஒருநாள் துடைப்பத்தோடு உள்ளே போய்ச் சத்தம் போட்டுவிட்டு வெளியே வந்து, விரட்டிவிட்டேன் என்றேன். அன்றே போனாள்.

நீ எனக்காக அந்தத் துடைப்பத்தை எடுக்க வேண்டும். வந்து, அவள் ஜன்னல் வழியாகப் பார்க்கும்படி சட்டியை எடுத்துக்கொண்டு போ. பாலம்வரை போதும். அங்கே நான் வாங்கி ஆற்றில் போட்டுவிடுகிறேன். உன் வீட்டு வாசலை அது தொடாது. பிறகு அவள் ஆஸ்பத்திரிக்கு வருவாள். நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

செங்தெ


ஒன்பதாம் மாதக் கடைசி

அண்ணா,

பாலத்தில் நின்று ஆற்றில் போடுவாய். ஆறு எங்கே போகிறது? பூகோளம் நீதானே நடத்தினாய். எங்கள் படித்துறைக்குத்தான் வருகிறது. அங்கேதான் வென்ஜிங் துணி அலசுகிறாள்.

நீ நம்ப மாட்டாய், ஆனால் சக்கையைக் கொட்டிவிட்டு மறுநாள் போய்க் கால்தடம் தேடுவாய். நான் நம்புகிறேன் என்று வாய்விட்டுச் சொல்கிறேன். நமக்குள் அவ்வளவுதான் வித்தியாசம்.

வென்ஜிங்குக்கும் வழக்கம் தெரிந்துவிட்டது. படித்துறையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அத்தை, நான்தானே குடுத்தேன், நானே போய் எடுத்துட்டு வந்துர்றேன்" என்று அந்த வயிற்றோடு கிளம்பிவிட்டாள். கதவைத் தாழ் போட்டு, குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். அவள் உள்ளே அழுதாள், நான் வெளியே. அண்ணியும் பெண்தான். அவள் என் இடத்தில் இருந்தால் எடுத்துப் போவாளா என்று கேள்.

என்னால் முடிந்ததை அனுப்புகிறேன். இந்த மூட்டையில் இன்னும் சான்சி இருக்கிறது. போன தடவையைவிட முற்றின கிழங்கு. உறைந்த இரத்தத்தைக் கலைத்துவிடும், வீக்கமும் கேட்கும் என்று மாமனார் சொல்வார். அளவைக் கூட்டிக் கொடு. என் வீட்டுக்காரரும் செங்கல் சுமந்து முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து அண்ணி போலவே இதைச் சாராயத்தில் ஊறப்போட்டுக் குடிக்கிறார். நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, "இது மருந்தா, இல்ல மருந்து பேர்ல சாராயமான்னு உங்க அண்ணியக் கேளு" என்கிறார்.

நான் வர மாட்டேன். வர முடியாது.

சூமெய்


டவுன்
டிசம்பர் 3

சூமெய்,

இதை பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். மற்றதைப் படிக்குமுன் மாப்பிள்ளையின் ஜாடியைக் கீழே கொட்டு. கொட்டிவிட்டு வந்து படி.

ருய்லான் இரத்த வாந்தி எடுத்தாள். டிராக்டரில் வைக்கோல் போட்டுப் படுக்க வைத்து இங்கே கொண்டுவந்தேன். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இந்த முறை தெம்பில்லை.

டாக்டர் அம்மாள் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "என்னென்ன குடிச்சாங்க? கஷாயம், சாராயம், வேர், எதையும் விடாம சொல்லுங்க" என்றார். கோவின் பொட்டலத்தைச் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். நீ அனுப்பிய மூட்டை என் பையில் இருந்தது. இங்கேயும் தொடர்ந்து கொடுக்கலாம் என்று எடுத்து வந்திருந்தேன். அதைப் பிரித்ததும் அவர் கை நின்றுவிட்டது.

"இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?"

"சான்சி."

"கடையில வாங்கினதா?"

"இல்லம்மா. தங்கச்சி வீட்டுக் கொல்லையில வெளஞ்சது."

"சான்சி இந்தப் பக்கம் வெளையாது, வாத்தியாரே."

மருந்துக் கூடத்திலிருந்து ஒன்றை எடுத்து வரச் சொன்னார். யுன்னானிலிருந்து வருவதாம். சிறியது, கறுத்தது, கூழாங்கல் போல் கெட்டி. மேசையில் போட்டால் கல் விழுந்த சத்தம். உன் கிழங்கை நான் போட்டேன். சத்தமே இல்லை. "இதுவும் சான்சி, அதுவும் சான்சின்னு உங்க ஊர்கள்ல சொல்றாங்க. பேரு ஒண்ணு, செடி வேற" என்றார். பூ என்ன நிறம் என்று கேட்டார். உன் கொல்லையில் எத்தனை முறை உட்கார்ந்திருக்கிறேன். தாவரப் பாடமும் நடத்தியிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

ஒருமுறை என் வகுப்பில் ஃபாங் குய்ஷெங் என்று இரண்டு பிள்ளைகள். தடுப்பூசி போட வந்த நர்ஸ் பேரைக் கூப்பிட்டாள். பெரியவன் போய்ப் போட்டுக்கொண்டான். மறுபடி அதே பேர். மறுபடியும் அவனே போய்க் கையை நீட்டினான். சின்னவன் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்திருந்தான். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். பேர் சரியாக இருந்தால் ஆள் சரியாக இருக்கும் என்று நினைப்பது நர்ஸ் மட்டுமில்லை.

வெளியே பற்றுப் போட்டால் அது ஒன்றும் செய்யாமல் இருக்கலாமாம். குடித்தால் ஈரலுக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களை அடைக்கிறது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. டாக்டர் இதை முன்பே பார்த்திருக்கிறார். நீரை எடுத்துவிடலாம், அது திரும்பவும் ஊறும் என்றார்.

பூவின் நிறம் எழுது. மஞ்சளாக இருந்தால் அது சான்சி இல்லை.

ருய்லானிடம் சொல்லவில்லை. கண் விழித்தால் இன்னும் சட்டியைத்தான் கேட்கிறாள். மணிக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை என்று உனக்கு எழுதினேன். நோய் அந்தச் சட்டிக்குள்தான் வந்தது, சூமெய். நான்தான் சாராயம் ஊற்றினேன்.

செங்தெ


பத்தாம் மாதம்

அண்ணா,

பூ மஞ்சள்.

ஜாடியைக் கொட்டிவிட்டேன். வரிசை முழுவதையும் பிடுங்கி எரித்தேன்.

பிறகு இவரைக் கூப்பிட்டு வெயிலில் நிறுத்தி, கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தேன். "என்னடி, கல்யாணத்துல பார்க்காததப் பார்க்கிற" என்றார். கண்ணும் அதே நிறம்தான், அண்ணா. வயிறு உப்பியிருக்கிறது. புளித்த கீரை அதிகமாகிவிட்டது என்று சொல்லித் தடவிக்கொள்கிறார்.

அண்ணியை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் சொல்லியனுப்பு. நான் சட்டியை எடுக்க வருகிறேன். இப்போது நான் எடுக்கலாம்.

சூமெய்


ஷிகௌ
1999 ஜனவரி 10

அன்புத் தங்கைக்கு,

அடக்கம் முடிந்து பிள்ளைகள் இருவரும் தொழிற்சாலைக்குத் திரும்பிவிட்டார்கள். வீட்டில் நான் மட்டும். மாப்பிள்ளையை விட்டுவிட்டு நீ வர முடியாது என்பது எனக்குத் தெரியும். யாராவது கேட்டால் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன்.

நீ சட்டியை எடுக்க வந்த அன்று நடந்ததில் உனக்குத் தெரியாத பாதி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

"யாருக்கு?" என்று ருய்லான் கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். "யாருக்கும் இல்ல, அண்ணி. உனக்காகத்தான் வந்தேன்" என்றாய். நான் அடுப்பைக் கிளறுவது போலக் குனிந்துகொண்டேன். நீ கொட்டிலுக்குப் பின்னால் போய்க் கூடையை எடுத்ததை, சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கியதை எல்லாம் அவள் ஜன்னலில் சாய்ந்து பார்த்தாள். நீ வளைவில் மறையும்வரை பார்த்தாள்.

அப்புறம் சொன்னாள்: "வயித்துப்பிள்ளக்காரி இருக்கிற வீட்டுக்கு எடுத்துட்டுப் போறா, வாத்தியாரே. நானா இருந்தா எடுத்திருக்க மாட்டேன்." கூழ் கேட்டாள். அரைக் கிண்ணம் குடித்தாள். நான் ஜாடியையும் கிழங்கையும் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "அடுத்த பண்டிகைக்கு அவ பங்கு ரொட்டியக் கோழிக்குப் போட்டுறாதீங்க" என்றாள்.

சொல்லவில்லை. அந்த வாரத்திலேயே போய்விட்டாள். உன்மேல் கோபமில்லாமல் போனாள். அது சரியான காரணத்துக்காக இல்லை. சரியான விடைக்குத் தவறான வழியில் வரும் பிள்ளைக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். இதற்கு என்ன போடுவது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? டவுனுக்குக் கூட்டிப் போனாயா? வென்ஜிங்கிடம் சட்டியில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடு. அந்தப் பெண் அதைச் சுமந்துகொண்டு பிள்ளை பெறக் கூடாது.

சட்டி உன்னிடமே இருக்கட்டும். எனக்காகக் கேட்டு வர இந்த வீட்டில் ஆளில்லை.

செங்தெ


பன்னிரண்டாம் மாதம், அடுப்புச் சாமியை வழியனுப்பிய மறுநாள்

அண்ணா,

வென்ஜிங்குக்குப் பெண் குழந்தை. நல்ல குரல்.

அவளிடம் சொல்லிவிட்டேன். "சட்டியில ஒண்ணுமில்லம்மா. கிழங்குதான். நான் குடுத்த கிழங்கு" என்றேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நான்தானே அத்தை தூக்கிட்டுப் போனேன்" என்றாள். அதற்குப் பிறகும் என்னோடுதான் சாப்பிடுகிறாள்.

இவரை டவுனுக்குக் கூட்டிப் போனேன். அதே டாக்டர். நீரை எடுத்தார்கள். அண்ணியைவிடக் குறைவாகக் குடித்திருக்கிறார், பார்க்கலாம் என்றார். ஆஸ்பத்திரி மாத்திரை தவிர வேறு கஷாயம், வேர், இலை எதுவும் நாக்கில் படக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆனால் இவருக்குச் சட்டி வந்தது தெரியும். "சட்டி வந்திருக்கு, மருந்து எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அடுப்பில் அது கொதிக்கவில்லை என்றால் அவரைக் கைவிட்டுவிட்டோம் என்று நினைக்கிறார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதனால் காய்ச்சுகிறேன், அண்ணா. வெறும் தண்ணீர். காலையும் மாலையும் சட்டி நிறைய ஊற்றி, பாதியாகச் சுண்டும்வரை பக்கத்தில் உட்கார்ந்து விசிறுகிறேன். வென்ஜிங் அவ்வளவு தேய்த்தும் மண்ணுக்குள் கசப்பு மிச்சமிருக்கிறது போல; தண்ணீர் லேசாகக் கசக்கிறது. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறார். நேற்று, "கோ வைத்தியருக்கு வயசாயிருச்சு. கசப்பு பத்தல, சொல்லு அவர்கிட்ட" என்றார்.

சக்கையும் வேண்டுமே. காய்ச்சி வடித்த தேயிலையைச் சேர்த்து வைத்து, அவர் கண்ணில் படும்படி பாதையில் கொட்டுகிறேன். இங்கே மிதித்துக்கொண்டு போகிறார்கள். யார் யார் மிதித்தார்கள் என்று ஜன்னலிலிருந்து என்னிடம் சொல்கிறார்.

நீர் எடுத்த வயிறு மறுபடி ஏறுகிறது. அவர் இன்னும் கவனிக்கவில்லை.

இன்று காலை மேட்டு வீட்டுக்காரி வந்தாள். அவள் மாமனாருக்கு நெஞ்சுச் சளி, சட்டியை எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். வழக்கப்படி கொடுக்க வேண்டும், இல்லையென்று சொல்லக் கூடாது. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இவர் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் எங்களுக்கு வேணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சூமெய்